தீர்ப்பு வேறு, மீட்பு வேறு

(ஆலயப் பொறுப்பாளர்களுக்கான ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் வழக்கறிஞன் அல்லன். முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளியில் சுண்ணக்கட்டி பிடித்தவன். பணி ஓய்வு பெற்ற பிறகு ஆலயச் செயலவையில் சொத்துப் பிரிவை என்னிடம் ஒப்படைத்தார்கள். அன்று முதல் வழக்கறிஞர் கடிதங்களைப் படித்துச் செயலவைக்குப் பொருள் சொல்வது என் வேலையாயிற்று. அந்தக் கடிதங்களில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும். 'ரெக்கவரி' என்பதே அந்தச் சொல். இன்று அந்த ஒரு சொல்லைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன். நான் சொல்வதை உங்கள் வழக்குக்கான ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்குத் தக்கவரை நாடுங்கள். வழக்கறிஞரிடம் போவதற்கு முன் நாம் தெரிந்துகொள்ள வேண்டியதைத்தான் நான் சொல்லப் போகிறேன்.

மருத்துவமனையில் 'ரெக்கவரி' என்றால் நோயாளி தேறி வருகிறார் என்று பொருள். வங்கியில் அதே சொல்லுக்குக் கடன் வசூல் என்று பொருள். நீதிமன்றத்தில் அது இன்னும் விரிகிறது. கொடுத்த கடனைத் திரும்பப் பெறுவதும் ரெக்கவரி. நட்ட ஈடு பெறுவதும் ரெக்கவரி. காலி செய்ய மறுப்பவரிடமிருந்து கடையைத் திரும்பப் பெறுவதும், களவு போன பொருளைக் கைப்பற்றுவதும் ரெக்கவரிதான். தமிழில் வசூல், ஈடு, சுவாதீனம், மீட்பு என்று தனித்தனியே நாம் பிரித்துச் சொல்வதை ஆங்கிலச் சட்டம் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. குழப்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. 'நமக்கு ரெக்கவரி கிடைத்துவிட்டது' என்று செயலாளர் அறிவிப்பார், சபையோர் கை தட்டுவார்கள். கிடைத்தது பொருளா, பணமா, அல்லது ஒரு தாள்தானா என்று யாரும் கேட்பதில்லை.

பழைய இங்கிலாந்தில் இந்தச் சொல்லுக்கு ஒரு வேடிக்கையான பொருளும் இருந்தது. வாரிசுகளுக்கு மட்டுமே போக வேண்டும் என்று கட்டுண்டு கிடந்த நிலத்தை விற்பதற்காக, ஒருவர் மீது இன்னொருவர் பொய்யாக வழக்குத் தொடுப்பார். எதிராளியும் அதற்கு உடந்தை. நிலத்துக்குப் பொறுப்பாளி என்று நீதிமன்றத்தில் பெயர் கூப்பிடும் பணியாளையே நிறுத்துவார்கள். அவர் வெளியே போய்விடுவார், திரும்பி வரமாட்டார். வழக்குத் தொடுத்தவர் நிலத்தை 'மீட்டுக்கொண்டார்' என்று தீர்ப்பாகும். அந்த நாடகத்துக்கே 'ரெக்கவரி' என்று பெயர். 1833ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதை ஒழித்தது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் இடுகாட்டுக் காட்சியில் இளவரசன் ஒரு மண்டையோட்டைக் கையில் எடுத்து, இது ஒரு வழக்கறிஞனுடையதாக இருக்குமோ என்று கேலி பேசும்போது இந்தச் சொல்லையும் இழுக்கிறான். வகுப்பில் அந்த வரி வந்தால் நாங்கள் அடிக்குறிப்பைத் தாண்டிப் போய்விடுவது வழக்கம்.

நம் போன்றோருக்கு நெருக்கமான ஒரு வழக்குக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் அன்றைய தஞ்சை மாவட்டத்தில், இன்று திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது பத்தூர் என்னும் சிற்றூர். அங்கே 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த விசுவநாத சுவாமி கோயில் இடிந்து, நெடுங்காலமாக வழிபாடின்றிக் கிடந்தது. 1976-இல் தன் குடிசைக்கு அருகே மண் வெட்டிக்கொண்டிருந்த ஒரு தொழிலாளியின் கருவி உலோகத்தில் பட்டது. தோண்டினால் ஐம்பொன் நடராஜர். அவர் அதை விற்றார். கை மாறி, கை மாறி, கடல் கடந்து சிலை இலண்டனுக்குப் போயிற்று. 1982-இல் கனடாவின் அல்பர்ட்டாவைச் சேர்ந்த பம்பர் டெவலப்மெண்ட் கார்ப்பரேஷன் என்ற நிறுவனம் 250,000 பவுண்டு கொடுத்து, நல்லெண்ணத்தோடுதான் அதை வாங்கியது. விற்றவர் காட்டிய பழைய வரலாறு பொய்யானது. சிலையைச் செப்பனிடுவதற்காகப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் கொடுத்திருந்தபோது, இலண்டன் போலீசார் அதைக் கைப்பற்றினர்.

உடனே அந்த நிறுவனம் போலீசார் மீது வழக்குத் தொடுத்தது. 'எங்கள் பொருளை எங்களிடம் தாருங்கள்' என்பதே அவர்களுடைய வழக்கு. அதுவும் ஒரு மீட்பு வழக்குதான் என்பதைக் கவனிக்க வேண்டும். மறுபுறத்தில் உரிமை கோரி வந்தவர்களைப் பாருங்கள். இந்திய அரசு, தமிழ்நாடு அரசு, கோயிலின் தக்கார், அந்த இடிந்த கோயில், அங்கே மீண்டும் வைத்து வழிபடப்பட்ட சிவலிங்கம். கல்லும் கோயிலும் இலண்டன் நீதிமன்றத்தில் வாதிகளாய் நின்றன!

எதிர்த்தரப்பு எழுப்பிய கேள்விகளும் எளிதானவை அல்ல. இடிந்து கிடக்கும் கட்டடம் வழக்குத் தொடுக்க முடியுமா? ஆங்கிலச் சட்டம் அதை ஓர் ஆளாக ஏற்குமா? சரி, ஏற்றாலும், இந்த நடராஜர்தான் அந்தக் கோயிலின் நடராஜர் என்பதற்கு என்ன அத்தாட்சி? பட்டியல் இல்லை, புகைப்படம் இல்லை, பூசை கண்ட பெரியவர்கள் ஒருவருமில்லை.

முதல் கேள்விக்கு நீதிமன்றம் தந்த விடை நாம் அனைவரும் அறிந்துகொள்ள வேண்டியது. விசாரணை நீதிபதி 1988-இல் தீர்ப்பளித்தார். நிலம் கொடுத்துக் கோயில் கட்டியவரின் அறநோக்கம் எத்தனை நூற்றாண்டு ஆனாலும் அழிந்துவிடவில்லை, அது சிவலிங்கத்தின் வடிவில் நிலைத்திருக்கிறது என்பது அவர் கண்ட முடிவு. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991 பிப்ரவரியில், இந்தியச் சட்டம் கோயிலை ஓர் ஆளாக ஏற்கும்போது, தக்கார் மூலமாக அது இங்கிலாந்திலும் வழக்காடலாம் என்று உறுதி செய்தது. இரண்டாவது கேள்விக்கு விடை தந்தவர்கள் நிபுணர்கள். அதே இடத்தில் கிடைத்த மற்றச் சிலைகளோடு உருவ ஒப்புமை பார்த்தார்கள். உலோகத்தை ஆராய்ந்தார்கள், ஒட்டியிருந்த மண்ணை ஆராய்ந்தார்கள், கறையான் ஊர்ந்த தடத்தைக்கூட ஆராய்ந்தார்கள். 1991-இல் நடராஜர் நாடு திரும்பினார். வாங்கியவருக்குச் சிலையும் போயிற்று.

பட்டியல் ஒன்று இருந்திருந்தால் இத்தனை நிபுணர்கள் தேவைப்பட்டிருக்க மாட்டார்கள். இதற்கு நேர் எதிரான ஒன்றையும் சொல்கிறேன். ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கிய ஸ்ரீபுரந்தான் நடராஜரை அடையாளம் காட்டப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் சேகரிப்பில் இருந்த பழைய புகைப்படம் துணை நின்றது. 2014-இல் அந்தச் சிலை இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. எவரோ ஓர் ஆய்வாளர் ஒரு நாள் கோயிலுக்குப் போய் எடுத்த படம் அது.

கும்பகோணத்துக்கு அருகில் உள்ள சிவபுரம் நடராஜர் கதை வேறு விதம். 1951-இல் நிலத்தில் கிடைத்த சிலை, 1954-இல் பழுது பார்க்கச் சிற்பியிடம் போயிற்று. திரும்பி வந்தது நகல். உண்மைச் சிலை எங்கோ போய்விட்டது, கோயிலார் பல ஆண்டுகள் நகலுக்கே பூசை செய்தார்கள். 1965-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியக அறிஞர் ஒருவர் எழுதிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பிறகு அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளையிடம் சிலை இருப்பது தெரிந்து இந்திய அரசு வழக்குத் தொடுத்தது. வழக்கு தீர்ப்புவரை போகவில்லை. 1976-இல் சமரசம் ஏற்பட்டது. சிலை இந்தியாவுக்குச் சொந்தம். பத்தாண்டுக் காலம் அங்கே காட்சிக்கு இருக்கலாம். அதன் பிறகு திருப்பித் தர வேண்டும். 1986-இல் திருப்பித் தந்தார்கள். தீர்ப்பே இல்லை, ஆனால் மீட்பு நடந்தது. சமரசம் என்றாலே தோல்வி என்று முகம் சுளிக்கும் செயலவை நண்பர்கள் இந்த வழக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் ஆலயத்திலும் கவசமோ கிரீடமோ மெருகு போடப் போகிறது. போவதற்கு முன் எடை போட்டு, நான்கு பக்கமும் படம் எடுத்து, வந்த பிறகு மறுபடியும் எடை போட வேண்டும் என்று நான் சொன்னபோது, 'ஆசிரியருக்குப் பரீட்சை வைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை' என்று ஒருவர் சிரித்தார். சிரிக்கட்டும். இப்போது எடை போட்டுத்தான் அனுப்புகிறோம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நகை, சிலை போன்ற அசையும் பொருள்களில், திருடனிடமிருந்து வாங்கியவருக்கு உரிமை வராது என்பதே நம் நாட்டிலும் பொது விதி. 1957ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தில் சில விலக்குகள் உண்டு, அடிப்படை அதுதான். ஆனால் நிலத்துக்கு வந்தால் கதை மாறுகிறது. சிலைக்கு ஒரு நீதி, நிலத்துக்கு வேறு நீதி என்பதை நம் மக்களில் பலர் அறியார்.

தீபகற்ப மலேசியாவில் நிலத்துக்கு 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம். அதன் 340ஆவது பிரிவின்படி, பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். அந்த உரிமையை அசைப்பது எளிதன்று. பினாங்கு தஞ்சோங் பூங்காவில் ஒரு தாய்லாந்து அம்மையாருக்கு இருந்த நிலம் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். அடோர்னா வழக்கு என்று சொல்வார்கள். யாரோ ஒருத்தி அந்த அம்மையார் பெயரில் பொய்யாக நின்று, பட்டா தொலைந்துவிட்டது என்று சத்தியப் பிரமாணம் செய்து, நகல் பெற்று, 1989-இல் நிலத்தை விற்றுவிட்டாள். வாங்கிய நிறுவனத்துக்கு மோசடி தெரியாது. உயர்நீதிமன்றத்தில் அம்மையார் தோற்றார்; மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 1997-இல் வென்றார்; 2000 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் அந்த வெற்றியைப் பறித்துவிட்டது. நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்து வாங்கியவரின் பட்டா செல்லும், அது போலிக் கையெழுத்தால் வந்திருந்தாலும் செல்லும் என்பது அன்றைய தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு வருமுன்பே அம்மையார் காலமாகிவிட்டார்.

பத்தாண்டுக் காலம் நாட்டிலுள்ள நிலச் சொந்தக்காரர்கள் எல்லோரும் அந்தத் தீர்ப்பின் நிழலில் இருந்தோம். 2010 ஜனவரி 21-ஆம் நாள், குவாந்தான் நிலம் ஒன்றைப் பற்றிய வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் முன்னைய தீர்ப்பு தவறு என்று சொன்னது. போலிப் பத்திரத்தின் வழியே நேரடியாக வாங்கியவருடைய பட்டா, அவர் நிரபராதியாக இருந்தாலும், தள்ளுபடி ஆகலாம். அவரிடமிருந்து அடுத்து நல்லெண்ணத்தில் விலை கொடுத்து வாங்கியவருக்குத்தான் பாதுகாப்பு. இதுதான் இன்றைய நிலை. சட்டம் திருந்திற்று என்பது உண்மை. ஆனால் தஞ்சோங் பூங்கா வழக்கு முடிந்தது முடிந்ததுதான். திருந்திய சட்டம் அந்த அம்மையாருக்கு நிலத்தைத் திருப்பித் தரவில்லை.

இதனால் ஆலயத்துக்கு என்ன என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். தோட்டத்து மக்கள் மாதம் ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி என்று சேர்த்து, 1950-களின் இறுதியில் ஆலயத்துக்காக வாங்கிய நிலம். அந்நாளில் ஆலயம் பதிவு பெற்ற சங்கமாக இல்லாததால், ஊரில் மதிப்புள்ள மூன்று பெரியவர்கள் பெயரில் கிராண்ட் எழுதினார்கள். கிராணி ஒருவர், கங்காணி ஒருவர், கடைக்காரர் ஒருவர். மூவரும் நேர்மையானவர்கள். மூவரும் காலமானார்கள். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வட்டாரத்தில் வீடமைப்பு வந்தது, நிலத்தின் விலை ஏறியது. கடைசியாக இறந்தவரின் பேரனை ஒரு தரகர் தேடிப் போனார். 'உங்கள் தாத்தா பெயரில் நிலம் இருக்கிறதே, தெரியுமா?' என்று கேட்டார். அந்தப் பிள்ளைக்கு உண்மையிலேயே எதுவும் தெரியாது. பட்டாவில் 'ஆலயத்துக்காக' என்று ஒரு சொல்லும் இல்லை.

அந்தப் பிள்ளை விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வாங்குபவர் ஏதும் அறியாதவராக இருந்தால், நிலம் அநேகமாகப் போனதுதான். ஆலயம் பேரன் மீது வழக்குத் தொடுத்து விற்ற பணத்தைக் கேட்கலாம். அதுவும் ரெக்கவரிதான். ஆனால் அந்தப் பணத்தைக் கொண்டு அதே இடத்தில் அதே அரச மரத்தடியில் பிள்ளையாரை வைக்க முடியுமா? பொருளை மீட்பதும் பொருளுக்கு ஈடான பணத்தை மீட்பதும் சட்டப் புத்தகத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஆலயத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் இடையே மலையளவு தூரம்.

அந்த ஆலயத்தார் செய்த நல்ல காரியம், செய்தி காதில் விழுந்த வாரமே வழக்கறிஞரிடம் போய் நில அலுவலகத்தில் தனியார் தடைப் பதிவு, அதாவது கேவியட், போட்டதுதான். அது ஆறு ஆண்டு நிற்கும். அதற்குள் வழக்கையோ சமரசத்தையோ முடித்துக்கொள்ள வேண்டும். நிலம் கைமாறாமல் நின்றது. அடுத்து, இது பேரனின் சொத்தன்று, அவர் தாத்தா ஆலயத்துக்காக வைத்திருந்த சொத்து என்று காட்ட வேண்டும். அதற்கு என்ன இருந்தது? ஒரு பழைய தகரப் பெட்டியில் ஒரு கணக்குப் புத்தகம் இருந்தது.

அந்தப் புத்தகத்தைப் படிப்பதற்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். வழக்கறிஞர் தமிழர்தான், ஆனால் அவருக்கு அந்தக் கையெழுத்து புரியவில்லை. தொகைகள் தமிழ் எண்களில் இருந்தன. 'மேற்படி' என்பதற்கும் 'வரவு' என்பதற்கும் பழைய சுருக்கக் குறிகள். அவற்றை என் பாட்டனார் எழுதப் பார்த்திருக்கிறேன். மூன்று மாலைப் பொழுது உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக எழுதிக் கொடுத்தேன். லயத்து எண், பெயர், தொகை. கைம்பெண்கள் சிலர் அரை வெள்ளி. கடைசிப் பக்கத்தில் மொத்தம் போட்டு, 'கோயில் நிலத்துக்காக வாங்கிய பணம். நிலம் எங்கள் மூவர் பெயரில் கோயிலுக்காக' என்று எழுதி மூவரும் கையெழுத்திட்டிருந்தார்கள். கங்காணி கைநாட்டு வைத்திருந்தார்.

வழக்கு நீதிமன்றம் வரைக்கும் போகவில்லை. வழக்கறிஞர் அலுவலகத்தில் அந்தப் பக்கத்தைப் பேரனிடம் காட்டினார்கள். தாத்தாவின் கையெழுத்தை அவர் அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தார் போலும். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, எங்கே ஒப்பமிட வேண்டும் என்று கேட்டார். தம்பியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. குறை, பட்டாவில் ஒரு சொல் சேர்க்காமல் விட்ட அந்தக் காலத்து ஏற்பாட்டில் இருந்தது.

இன்று அப்படி விட வேண்டியதில்லை. நிலச் சட்டத்தின் 344ஆவது பிரிவின்படி, 'அறங்காவலர் என்ற முறையில்' என்று பட்டாவிலேயே பதிவு செய்துகொள்ளலாம். அறக்கட்டளைப் பத்திரத்தை நில அலுவலகத்தில் ஒப்படைத்தும் வைக்கலாம். ஆலயம் பதிவு பெற்ற சங்கமாக இருந்தால், 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் 9ஆவது பிரிவு நிலத்தைச் சங்கத்தின் பெயரிலேயே பதிய இடம் தருகிறது. பத்திரங்களில் அப்போதைய மூன்று பொறுப்பாளர்கள் கையெழுத்திடுவார்கள். வழக்காடுவதற்கும் அதே பிரிவில் வழி இருக்கிறது. சங்கம் தன் உறுப்பினர் ஒருவரைப் 'பொது அதிகாரி' என்று சங்கப் பதிவகத்தில் பதிந்து, அவர் பெயரில் வழக்குத் தொடுக்கலாம். பத்தூர்க் கோயிலுக்குத் தக்கார் நின்றது போல நமக்கு நிற்பவர் இவர். உங்கள் ஆலயத்தில் அவர் யார் என்று தெரியுமா? பல ஆலயங்களில் அந்தப் பதிவில் இருப்பவர் காலமாகிப் பல ஆண்டு ஆகியிருக்கும்.

மீட்பு என்ற சொல் நம் பக்கம் மட்டும் வெட்டும் கத்தி அன்று. பிறர் நிலத்தில் இருக்கும் ஆலயங்களும் நம்மிடையே உண்டு. ரப்பர்த் தோட்டம் இருந்த நாளில் துரை வாய்மொழியாக 'கட்டிக்கொள்ளுங்கள்' என்று சொல்லியிருப்பார். தோட்டம் விற்றுப்போன பிறகு புதிய உரிமையாளர் நிலத்தை மீட்க வருவார். 'எண்பது ஆண்டுகளாக இங்கே பூசை நடக்கிறது' என்று நாம் சொல்கிறோம். 341ஆவது பிரிவின்படி, எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் பதிவு பெற்ற உரிமையாளருக்கு எதிராக உரிமை பிறக்காது. அரசு நிலமானால் 48ஆவது பிரிவு அதையே சொல்கிறது. அனுமதியின்றி இருப்பவர்களிடமிருந்து நிலத்தைச் சுருக்க விசாரணையில் மீட்க 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளில் 89ஆவது ஆணை இருக்கிறது. மனத்துக்குக் கசப்பாக இருந்தாலும் இதைத் தெரிந்துகொண்டுதான் பேச்சுவார்த்தைக்குப் போக வேண்டும். காலத்தைக் காட்டி நிலத்தைப் பெற முடியாது. எழுத்தில் ஓர் அனுமதிக் கடிதம், பழைய தோட்ட நிர்வாகத்தின் கடிதம் இருந்தால் அது பேச்சுவார்த்தையில் நமக்குக் கை கொடுக்கும். மாற்று நிலம் கேட்கும்போதும் அந்தக் கடிதத்தைத்தான் முதலில் கேட்பார்கள்.

ஆலயத்துக்குக் கடைவீடு இருந்தால் வாடகைப் பிரச்சினை வராமல் இராது. ஆறு மாதம் வாடகை பாக்கி என்றதும், இளைஞர் அணி பெரிய பூட்டோடு கிளம்பிவிடும். வேண்டாம். 1950ஆம் ஆண்டுக் குறித்த நிவாரணச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, வாடகைக் காலம் முடிந்த பிறகும் இருப்பவரிடமிருந்து இடத்தை மீட்க நீதிமன்றத்தின் வழியே தவிர வேறு வழியில்லை என்று சொல்கிறது. பூட்டுப் போட்டால் வழக்கு நம் மீது திரும்பும். வாடகை பாக்கிக்குத் தனி வழி உண்டு. 1951ஆம் ஆண்டு ஜப்திச் சட்டத்தின்படி, பன்னிரண்டு மாதம் வரையிலான பாக்கிக்குக் கடையில் உள்ள பொருள்களைக் கைப்பற்ற ஆணை கேட்கலாம். பன்னிரண்டு மாதம் என்பதைக் கவனியுங்கள். 'பாவம், இருக்கட்டும்' என்று மூன்று ஆண்டு விட்டுவிட்டால் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுப்போகும்.

காலத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1953ஆம் ஆண்டுக் காலவரைச் சட்டத்தின்படி, ஒப்பந்தக் கடனுக்கு ஆறு ஆண்டு. நிலத்தை மீட்கப் பன்னிரண்டு ஆண்டு. ஆறு ஆண்டு முடிந்தால் வழக்குக்குக் கதவு சாத்தியதுதான். ஆனால் கடன்பட்டவர் இடையில் 'பாக்கி இருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டாலோ, ஒரு பகுதி கட்டினாலோ, அன்றிலிருந்து கணக்கு புதிதாகத் தொடங்கும். ஆகவே ஆண்டுதோறும் கணக்கு முடிக்கும்போது வாடகைதாரரிடம் பாக்கிச் சீட்டில் ஒரு கையெழுத்து வாங்கி வையுங்கள். அதில் மனத்தாங்கல் ஒன்றுமில்லை. இன்னொன்று, அறங்காவலர்களான நம்மைப் பற்றியது. அறக்கட்டளைச் சொத்தை அறங்காவலர் தம்மிடம் வைத்திருந்தாலோ, தம் உபயோகத்துக்கு மாற்றிக்கொண்டாலோ, அதை மீட்கக் காலவரை கிடையாது என்று அதே சட்டத்தின் 22ஆவது பிரிவு சொல்கிறது. கடன்பட்டவனைக் காலம் காப்பாற்றும். அறங்காவலரைக் காப்பாற்றாது. இந்தப் பகுதிகளில் அறக்கொடைகளுக்கென்று 1905-இலேயே ஆங்கில ஆட்சி தனிச் சட்டம் கொண்டு வந்ததற்கு, அறக்கொடைகளைப் பார்த்துக்கொண்டவர்கள் சரியாகப் பார்த்துக்கொள்ளாததும் ஒரு காரணம். அந்த வரலாறு நமக்குப் பெருமையானதன்று.

தீர்ப்பு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். என் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், ஓட்டுக்கூரை வேலைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு வராமல் போனவர் மீது வழக்குத் தொடுத்து வென்றார். முத்திரை பதித்த அந்தத் தாளை எல்லோரிடமும் காட்டினார். ஐந்து ஆண்டு கழித்தும் ஒரு காசு வரவில்லை. நீதிமன்றம் பணத்தைக் கொண்டுவந்து வீட்டில் கொடுக்காது. 'இவருக்குக் கொடு' என்று சொல்லும், அவ்வளவுதான். கொடுக்காதவரிடம் வாங்க வேறு விண்ணப்பங்கள் போட வேண்டும். அவருடைய பொருள்களைக் கைப்பற்றி ஏலம் விடுவது, வங்கிக் கணக்கில் உள்ள பணத்தை வங்கியிடமிருந்தே நேரடியாகப் பெறுவது, அவரை நீதிமன்றத்துக்கு வரவழைத்து வருவாயை விசாரித்துத் தவணை போடுவது ஆகியவை அந்த வழிகள். திவால் ஆக்குவேன் என்று மிரட்டுவோர் உண்டு. 2020 முதல் அதற்குக் கடன் குறைந்தது 100,000 வெள்ளி இருக்க வேண்டும். தீர்ப்பைச் செயல்படுத்தப் பன்னிரண்டு ஆண்டு அவகாசம் இருந்தாலும், எதிராளியின் பேரில் எதுவுமே இல்லையென்றால் அந்த அவகாசத்தால் பயனில்லை. வழக்குத் தொடுக்கும் முன்பே அவரிடம் என்ன இருக்கிறது என்று விசாரித்துக்கொள்வது நல்லது. வென்றவருக்குச் செலவுத் தொகை தரும்படி நீதிமன்றம் சொன்னாலும், நாம் உண்மையில் செய்த செலவு முழுவதும் அதில் அடங்குவது அரிது. உண்டியல் பணத்தில் வழக்காடும் நாம் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பத்தூர் நடராஜர்கூட, தாயகம் திரும்பியதும் அந்த இடிந்த கோயிலுக்கு நேரே போய்விடவில்லை. பாதுகாப்பு கருதி அரசின் காவலில் வைக்கப்பட்டார். வழக்கில் வென்றவர் கோயில். ஆனால் சிலையை வைத்துப் பூட்டக் கோயிலுக்குக் கதவு இல்லை.

எனக்குக் கொடுத்த நேரம் முடியப் போகிறது. தலைவர் மணியைப் பார்க்கிறார். சென்ற மாதச் சுற்றறிக்கையில், உங்கள் ஆலய நிலத்தின் கிராண்ட் நகலையும் சங்கப் பதிவுச் சான்றிதழின் நகலையும் கொண்டு வரும்படி கேட்டிருந்தோம். கொண்டு வந்தவர்கள், தேநீர் இடைவேளையில் மண்டபத்தின் பின்பக்கம் போட்டிருக்கும் மேசைக்கு வாருங்கள். நம் துணைச் செயலாளரும் நானும் அங்கே இருப்போம். யார் பெயரில் இருக்கிறது, அவர் உயிரோடு இருக்கிறாரா, 'அறங்காவலர்' என்ற சொல் அதில் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்ப்போம். தமிழ் எண்களில் பழைய கணக்குப் புத்தகம் எவரிடமாவது இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். கண்ணாடியை மறக்காமல் கொண்டு வந்திருக்கிறேன்.